ஒரு தாளில் அடங்கும் ஆலோசனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு மாடி அறையில் மனநல ஆலோசனை தருகிறேன். வாரத்தில் ஒரு நாள் புதுச்சேரிக்கும் போவேன். இங்கே வருகிறவர்கள், அவர்களைக் கூட்டி வருகிறவர்கள், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்று மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் வரும் ஆட்கள் யாரென்று தெரியாதபடி ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்?

முதலில் கேட்பேன். குறுக்கே பேசாமல் கேட்பேன். பலருக்கு முதல் நாளில் முக்கால் மணி நேரமும் அதற்கே போய்விடும். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இருவருமாக மூன்று வரி எழுதுவோம். இப்போது எது ரொம்பப் படுத்துகிறது? அதற்காக இந்த வாரம் எந்த ஒன்றைச் செய்து பார்க்கப் போகிறோம்? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே? தாளை அவர்கள் எடுத்துப் போவார்கள். அடுத்த வாரம் அந்தத் தாளிலிருந்துதான் பேச்சு தொடங்கும்.

என்னிடம் இருக்கும் வழிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் சீராக்குவது, விட்டுப்போன வேலைகளைச் சின்ன அளவில் மறுபடி தொடங்குவது, பெரிய பிரச்சினையைத் துண்டு துண்டாக்கி இன்றைக்குக் கை வைக்கக்கூடிய துண்டைத் தேடுவது, பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது, மூச்சை மெதுவாக்குவது. இவற்றில் ஒருவருக்குப் பெரும்பாலும் இரண்டுதான் தேவைப்படும்.

எதைச் செய்யச் சொன்னாலும் ஒன்றைச் சோதித்துக்கொள்வேன். இவர் வீட்டுக்குப் போனதும் மனைவியோ அம்மாவோ "அங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். அப்போது இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அந்த வழி இன்னும் என்னிடமே இருக்கிறது, அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

இவ்ளோதானா சார்? இதற்கா பஸ் ஏறி வந்தோம்?

இந்தக் கேள்வியை நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து அம்மாவைக் கூட்டி வந்த ஒரு மகன் கேட்டார். அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அம்மா படுக்கையை விட்டு எழுவதே மதியத்துக்கு மேல்தான். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த முதல் நாளில் நாங்கள் தாளில் எழுதியது ஒரே ஒரு வேலை: காலை ஆறரைக்கு வாசல் கதவைத் திறந்து, தண்ணீர் தெளித்து, ஒரு சின்னக் கோலம். மகனுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. அம்மா மனசு உடைந்து கிடக்கிறார், இவர் கோலம் போடச் சொல்கிறாரே என்று யாருக்கும் தோன்றும்.

அந்த மகனுக்கு நான் சொன்ன விளக்கம் இது. மனசு தாழ்ந்தால் ஆள் ஒதுங்குவார். ஒதுங்கினால் அதுவரை அன்றாடம் கிடைத்து வந்த சின்னச் சின்ன நல்லவை நின்றுபோகும். பால்காரர் விசாரிப்பது, எதிர்வீட்டம்மா ஒரு வார்த்தை பேசுவது, காலை வெயில் முகத்தில் படுவது, இவை எதுவும் கிடைக்காது. அதனால் மனசு இன்னும் கீழே போகும், ஆள் இன்னும் ஒதுங்குவார். இந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும். "மனசு சரியானதும் எழுந்திருக்கிறேன்" என்று காத்திருந்தால் அந்த நாள் வருவதில்லை. முதலில் உடம்பு எழ வேண்டும், மனசு பின்னால் வரும். கோலத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான் இல்லை. முன்பெல்லாம் காலையில் முதல் வேலையாக என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், அந்த அம்மாதான் கோலம் என்று சொன்னார்.

முதல் வாரம் ஏழு நாளில் இரண்டு நாள் போட்டார். அந்த இரண்டு நாள் போதும் என்றேன். அடுத்த வாரம் நான்கு. மூன்றாவது வாரம் அவர் தானாகவே சொன்னது: "எதிர்வீட்டுப் பொண்ணு, இன்னிக்குப் பெரிய கோலமா இருக்கே அத்தைன்னு கேட்டுச்சு." அதைச் சொல்லும்போது அழுதார். துக்கம் எங்கேயும் போய்விடவில்லை, போகவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டார்.

எளிமை என்றால் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோலம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு வந்து சேர எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.

இப்படிச் சின்னச் சின்ன வேலை செய்வதால் குணமாகும் என்பதற்கு ஆராய்ச்சி இருக்கிறதா?

இருக்கிறது. 1996இல் அமெரிக்காவில் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வுக்கு ஆரோன் பெக் உருவாக்கிய சிந்தனைச் சிகிச்சை அப்போது பெரும்பேர் பெற்றிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு அன்றாட வேலைகளை மீட்டெடுக்கும் பகுதியை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதோடு எண்ணங்களைத் திருத்தும் பயிற்சியையும் சேர்த்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு அடிமனத்து நம்பிக்கைகளை மாற்றும் வேலை உட்பட முழுச் சிகிச்சையும் போயிற்று. முடிவில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இங்கிலாந்தில் 440 பேரை வைத்து இதைவிடப் பெரிய சோதனை நடந்தது, 2016இல் முடிவு வெளியானது. ஒரு பக்கம் அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் முழு முறையைக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், உளவியல் சிகிச்சையில் தொழில்முறைப் பயிற்சி இல்லாத இளநிலைப் பணியாளர்கள், வேலைகளை மீட்டெடுக்கும் எளிய முறையை மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எளிய முறை பின்தங்கவில்லை. செலவும் குறைவு.

எனக்கு இவற்றைவிட மனசுக்கு நெருக்கமானது கோவாவில் நடந்தது. 2017இல் முடிவுகள் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, மனச்சோர்வு நன்றாகவே முற்றியவர்களோடு உட்கார்ந்து பேசியவர்கள் மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ இல்லை. உள்ளூர்க்காரர்கள். இதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள். மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய நட்பு பெஞ்சும் இந்த வழிதான். மருத்துவமனை வாசலில் ஒரு மர பெஞ்ச். அதில் உட்கார்ந்து பேசுபவர்கள் பெரும்பாலும் பாட்டிகள். பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு வழி பார்ப்பார்கள்.

தேவனாம்பட்டினத்திலோ பண்ருட்டியிலோ அப்படி ஒரு பெஞ்ச் போட முடியும் என்று நான் நம்புகிறேன். நம் ஊரில் பேசத் தெரிந்த பாட்டிகளுக்குக் குறைவில்லை.

கண்ணை அசைக்க வைப்பது, உடம்பில் தட்டுவது என்று நிறைய முறைகள் இருக்கின்றனவே, அவை வேண்டாமா?

ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படுத்தும் நினைவை மனசில் வைத்துக்கொண்டே கண்ணை இடவலமாக அசைக்கும் கண்ணசைவு முறையை உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ 1980களின் கடைசியில் உருவாக்கினார். பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் பாதிப்புக்கு அதனால் பலன் உண்டு. 2013இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முறைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதில் வேலை செய்வது கண்ணசைவா, அல்லது பயந்து ஒதுக்கிவைத்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் திரும்ப எதிர்கொள்வதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

2003இல் ஜெரால்டு ரோசன், ஜெரால்டு டேவிசன் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு ஒரு நல்ல கற்பனை உதாரணம் சொன்னார்கள். வண்டி ஓட்டப் பயப்படும் ஒருவருக்குப் படிப்படியாக ஓட்டிப் பழக்கினால் பயம் குறையும். இப்போது அவர் தலையில் ஊதா நிறத் தொப்பி ஒன்றையும் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் பயம் குறையும். உடனே ஊதாத் தொப்பி சிகிச்சை என்று பேர் வைத்து, சான்றிதழ் வகுப்பு நடத்தி, தொப்பியையும் விற்கலாம். தொப்பி இல்லாமலே குறைந்திருக்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்காதவரை வியாபாரம் நடக்கும்.

என்னிடம் ஒருவர் வந்தார். கடலூர்–புதுச்சேரி சாலையில் விபத்து, கால் எலும்பு கூடிவிட்டது, பைக் சாவியைத் தொட்டாலே கை வியர்க்கிறது. முதல் வாரம் ஸ்டாண்டு போட்ட வண்டியில் தினமும் கால் மணி நேரம் உட்கார்ந்தார். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தார். அடுத்து விடியற்காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஓட்டினார். கடைசியில் தம்பி பின்னால் உட்கார, விபத்து நடந்த இடம் வரைக்கும் போய்த் திரும்பினார். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, அவர் இறங்கி ஓடாமல் இருந்ததால் தானாக இறங்கியது. எந்தப் படியிலும் தொப்பி தேவைப்படவில்லை.

புதுச்சேரிப் பக்கம் வாரக் கடைசியில் நடக்கும் பட்டறைகளுக்குப் போய்வந்து இது நல்லதா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: "அதில் எந்தெந்தப் பகுதி இல்லாமலே இதே பலன் கிடைக்கும் என்பதை அவர்கள் சொன்னார்களா?"

நீங்களே அப்படிப்பட்ட முறைகளைக் கற்றதில்லையா?

கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பயிற்சி மையத்தில் நிறையப் பணம் கட்டி, பன்னிரண்டு படிகள் கொண்ட ஒரு முறையைப் படித்தேன். கெட்டி அட்டை போட்ட கையேடு கொடுத்தார்கள். அதை மேசை மேல் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆலோசனை சொன்னேன். ஒருநாள் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆறாவது படி முடிந்து ஏழாவது படியில் என்ன கேட்க வேண்டும் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் மெல்லிய குரலில், "சார், நான் ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல" என்றாள். நான் "ஒரு நிமிஷம்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகம் மூடிக்கொண்டுவிட்டது. அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. திரும்பியும் வரவில்லை.

அந்த "ஒரு நிமிஷம்மா" இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. படிகள் அதிகமானால் கவனம் படிகளுக்குப் போகும், எதிரே இருப்பவருக்குக் கிடைக்காது. எளிய முறையை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஆராய்ச்சிகளுக்கு முன்னால் இந்தக் காரணம்தான் இருக்கிறது.

மூச்சுப் பயிற்சியைச் சொல்லித்தர முடியுமா?

நான்கு எண்ணும்வரை மூக்கு வழியாக இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. படபடப்பு வரும்போது மட்டும் செய்தால் கைகொடுக்காது, சாதாரண நேரத்தில் பழகியிருக்க வேண்டும். ஆழமாக, வேகமாக இழுக்காதீர்கள். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். நெஞ்சு வலி முதல் முறையாக வந்தால் மூச்சுப் பயிற்சியெல்லாம் அப்புறம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும் சிலருக்குத் தருவேன். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற சிகாகோ மருத்துவர் கொண்டுவந்தது இது. மேலே சொன்ன நீல் ஜேக்கப்சன் வேறு, இவர் வேறு. அவர் காலத்தில் இதைக் கற்க மாதக்கணக்கில் ஆகும். 1950களில் மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் அதைச் சில அமர்வுகளுக்குச் சுருக்கினார். பலனும் கெடவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

தாள் இல்லாமலும் நடக்கும். என் மேசையில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை இருக்கிறது. பத்துக் கொட்டையை எடுத்து வைத்து, "மனசு நல்லா தெம்பா இருந்தா பத்து, ஒண்ணுமே முடியலைன்னா ஒண்ணு. இன்னிக்கு எத்தனைம்மா?" என்று கேட்பேன். மூன்றைத் தள்ளி வைப்பார். "ஒண்ணு வைக்காம ஏன் மூணு வச்சீங்க?" என்பது அடுத்த கேள்வி. அப்போதுதான், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து மடியில் படுப்பதைச் சொல்வார். நல்லது எங்கே மிச்சமிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். மூன்று நான்காக வேண்டுமென்றால் இந்த வாரம் என்ன நடக்கணும் என்று அதிலிருந்து போகலாம்.

இந்தக் கேள்வி முறை என்னுடையது இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் தம்பதியும் அவர்களுடைய கூட்டாளிகளும் 1970களின் இறுதியிலிருந்து உருவாக்கிய தீர்வு நோக்கிய சிகிச்சையில் இருப்பது. புளியங்கொட்டை மட்டும் நம்முடையது. பல்லாங்குழி ஆடிய கைகளுக்கு அது உடனே பழகிவிடுகிறது.

கோச்சிங்கும் கவுன்சிலிங்கும் ஒன்றா?

இல்லை. ஓரளவு நன்றாக இருக்கிறவர் ஓர் இலக்கை அடையத் துணை நிற்பது கோச்சிங். வலியில் இருக்கிறவருக்குத் துணை நிற்பது கவுன்சிலிங். நடுவில் எல்லைக்கோடு மங்கலானது. அதனால் கோச்சிங் செய்கிறவருக்கு எப்போது நிறுத்தி வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கோச்சிங்கிலும் எளியது போதும். 1980களில் ஜான் விட்மோரும் அவரைச் சேர்ந்தவர்களும் பரப்பிய நான்கு கேள்விகளை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். என்ன வேண்டும்? இப்போது எங்கே நிற்கிறாய்? என்னென்ன வழி இருக்கிறது? இவற்றில் எதை, எப்போது செய்யப் போகிறாய்? குரூப் 4 தேர்வுக்கு மூன்றாவது முறை படிக்கும் ஒரு தம்பிக்கு இரண்டாவது கேள்வியிலேயே விடை கிடைத்தது. படிக்கிறேன் என்று நினைத்த நேரத்தில் பாதி, படிப்பு பற்றிய வீடியோ பார்ப்பதில் போய்க்கொண்டிருந்தது.

கோச் என்று பலகை மாட்ட நம் நாட்டில் எந்த உரிமமும் தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். என்ன படித்தீர்கள், எங்கே பதிவு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்னிடமும் கேளுங்கள்.

புயல், வெள்ளம் வரும்போது எளிய முறை போதுமா?

அப்போதுதான் அது மிகவும் தேவை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த சில வாரங்கள் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பக்கம் தன்னார்வலனாக அலைந்தேன். உதவ வந்த குழுக்கள் ஏராளம். நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு குழுவும் அதே பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, அலையை வரையச் சொல்லும், நடந்ததைச் சொல்லச் சொல்லும். ஒரு சிறுவன் என்னிடம், "அண்ணா, நானே ரெடியா வரைஞ்சு வச்சிருக்கேன், வேணுமா?" என்று தாளை நீட்டினான். அவனுக்குச் செருப்பு இல்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் அதுவரை கவனிக்கவில்லை.

பேரிடர் நடந்த கையோடு எல்லோரையும் நடந்ததை விவரிக்க வைப்பது உதவாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்பது இப்போது உலக அளவில் ஏற்கப்பட்ட கருத்து. 2011இல் உலக சுகாதார நிறுவனமும் கூட்டு அமைப்புகளும் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே சொற்களில் அடங்குகிறது: பார், கேள், இணை. யாருக்கு என்ன அவசரம் என்று பார். பேச விரும்பினால் கேள், தோண்டாதே. சாப்பாடு, மருந்து, காணாமல்போன உறவினர், அரசு நிவாரணம் என எது தேவையோ அதோடு அவரை இணைத்துவிடு.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முப்பது வருட மரத்தை இழந்த விவசாயியிடம் போய் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்பதில் ஒன்றுமில்லை. நஷ்ட ஈட்டு மனுவைப் பக்கத்தில் உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுத்தேன். எழுதும்போதே அவர் மரங்களைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பேர் வைத்திருந்தார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் இதே முறைதான். வடலூர் தருமசாலையில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பசித்து வருகிறவருக்கு முதலில் சோறு என்பது நம் மாவட்டத்துக்குப் புதிது இல்லை.

எளிய முறை போதாத இடம் எது?

இதைக் கவனமாகப் படியுங்கள். காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று உறுதியாக நம்புகிறார், பல நாள் தூங்காமலே அளவில்லாத உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைக்கிறார், பிரசவத்துக்குப் பின் தாய் குழப்பமாகப் பேசுகிறார் என்றால் கோலமும் புளியங்கொட்டையும் போதாது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும், மாத்திரை தேவைப்படும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே பார்த்துக்கொண்டே என்னிடமும் வரலாம்.

தினமும் அதிகமாகக் குடிக்கிறவரை "இன்றோடு நிறுத்து" என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். பல வருடக் குடியைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும்.

சோர்வு, எடைக் கூடுதல், மறதி என்று வருகிறவர்களைத் தைராய்டு, இரத்தசோகை இரண்டுக்கும் பரிசோதனை செய்துவிட்டு வரச் சொல்வேன். மனச்சோர்வு என்று நினைத்தது சில சமயம் அங்கே பிடிபடும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பெரும்பாலும், கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று பாரம் இறங்கும். வீட்டில் யாரைப் பற்றியாவது அந்தக் கவலை இருந்தால் நீங்களும் கேளுங்கள். தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, எலி மருந்து, மிச்ச மாத்திரைகளை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலி-மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். முயற்சி நடந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதச் சொல்கிறது. அவரைத் தண்டிப்பதைத் தடுக்கிறது, அரசு கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

சொன்னதைச் செய்யாமல் வந்தால் திட்டுவீர்களா?

மாட்டேன். செய்யவில்லை என்றால் வேலை பெரிதாக இருந்தது என்று எடுத்துக்கொள்வேன். அதைப் பாதியாக்குவோம். விசைப்படகில் போகும் ஓர் அண்ணன் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் 61 நாள் கடலுக்குப் போக முடியாதபோது, வருடா வருடம் இருண்டுபோவார். தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி எழுதியது என் தவறு. அவர் ஒரு நாளும் நடக்கவில்லை. கேட்டால், "நடக்கிறதுக்கு நான் எங்க சார் போவேன்?" என்றார். அப்புறம் காலையில் துறைமுகத்துக்குப் போய்க் கூட்டாளிகளோடு கிழிந்த வலையைப் பொத்துவது என்று மாற்றினோம். அரை மணி நேரம் என்று எழுதினோம். அவர் மதியச் சோற்றுக்குத்தான் வீடு திரும்பினார்.

எத்தனை முறை வர வேண்டும்?

பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு. நான்கு முறை வந்தும் துளி மாற்றம் இல்லை என்றால் நானே சொல்லி வேறு ஒருவரிடம் அனுப்புவேன்.

கோயிலுக்கு, தர்காவுக்குப் போய் மந்திரித்துக்கொள்ளலாமா?

போய் வாருங்கள். மனசுக்கு ஆறுதல் தரும் எதையும் நான் தடுப்பதில்லை. அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இவற்றில் ஒன்று நடந்தாலும் உடனே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

நான் புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறேன். எத்தனை முறைகள் கற்க வேண்டும்?

ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். அதை ஐம்பது பேரிடம், உங்களைவிட அனுபவமுள்ள ஒருவர் மேற்பார்வையில் செய்து பாருங்கள். அதற்கப்புறம் இரண்டாவது. சுவரில் சான்றிதழ் கூடக் கூட உங்களுக்கே குழப்பம் கூடும். ஒரு முறை பலிக்கவில்லை என்று தோன்றும்போது அடுத்த முறைக்குத் தாவத் தோன்றும். தாவுவதற்கு முன், பலிக்காததற்குக் காரணம் முறையா, நாம் சரியாகக் கேட்காததா என்று பாருங்கள். 1957இல் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், ஒருவர் மாறுவதற்கு என்ன தேவை என்று எழுதிய கட்டுரையில் உத்தி எதுவுமே இல்லை. நிபந்தனையில்லாத மதிப்பு, எதிரே இருப்பவர் நிலையிலிருந்து புரிந்துகொள்வது, வேஷம் போடாமல் இருப்பது ஆகியவற்றைத்தான் வலியுறுத்தினார். அவை மட்டும் போதும் என்ற அவர் முடிவை நான் முழுக்க ஏற்கவில்லை. பயத்துக்குப் படிப்படியான பழக்கமும் வேண்டும். ஆனால் அவை இல்லாமல் எந்த உத்தியும் நிற்காது.

ஒவ்வொரு சந்திப்பின் கடைசியிலும், "இன்னிக்குப் பேசினதுல எது உதவுச்சு, எது உதவல?" என்று கேளுங்கள். நம் ஊர்க்காரர்கள் மரியாதைக்காக எல்லாம் நல்லா இருந்துச்சு சார் என்பார்கள். "அடுத்த வாரம் நான் எதை மாத்திக்கணும்?" என்று மறுபடி கேளுங்கள். அதற்கு வரும் பதில், எந்தப் பட்டறையிலும் கிடைக்காத பாடம்.

எதிரே இருப்பவருக்குப் புரியாத சொல்லைப் பேசாதீர்கள். "உங்களுக்கு ஆங்சைட்டி டிஸார்டர்" என்பதைவிட, "உங்க உடம்பு எப்பவும் அபாய மணி அடிச்சுக்கிட்டே இருக்கு" என்றால், அந்த மணியை எப்படி நிறுத்துவது என்று அவரே கேட்பார்.

முதல் முறை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, சமீபத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் அது. போன வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று தோராயமாக. கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடி. கட்டணம் கொடுக்க முடியாத நிலை என்றால் ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள், அதற்காக வராமல் இருக்க வேண்டாம். மாடிப்படி கொஞ்சம் செங்குத்தாக இருக்கும். முட்டி வலி உள்ளவர்கள் கீழே நின்றே அழையுங்கள், நான் இறங்கி வருகிறேன். மதியம் மூன்று மணிக்கு மேல் கீழ்த் திண்ணையில் நிழல் விழும், அங்கேயே உட்கார்ந்து பேசலாம்.